'மாட்டேன்' என்று சொல்லும் இளவரசிகள்: பதின்பருவக் காதல் நாவல்களில் தேவதைக் கதைகளின் மறுபிறவி

ஒவ்வோர் இரவும் ஒன்பது மணிக்கு அந்த விலங்கு சாப்பாட்டு மேசைக்கு வரும். அவளோடு பேசிக்கொண்டிருக்கும். எழுந்து போகுமுன் என்னை மணந்துகொள்வாயா என்று கேட்கும். அவள் மாட்டேன் என்பாள். விலங்கு பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடும். மறுநாள் இரவும் அதே கேள்வி, அதே பதில். மூன்று மாதம் இப்படியே கழிகிறது.

1756-இல் ழான்-மரி லெப்ரான்ஸ் து பொமோன் எழுதிய 'அழகியும் விலங்கும்' கதை இது. பொமோன் பிரான்சில் பிறந்தவர். லண்டனில் வசதியான வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்தவர். ஓர் ஆசிரியையும் மாணவியரும் பேசிக்கொள்வதுபோல் அமைந்த நூலில் இந்தக் கதையைச் சேர்த்தார். அந்த வயதுப் பெண்களுக்குப் பெரியவர்கள் பேசி முடிக்கும் கல்யாணமே காத்திருந்தது. முன்பின் தெரியாத ஒருவன் வீட்டுக்குப் போகப்போகிறவளுக்கு அந்தக் கோட்டையும் விலங்கும் வெறும் கற்பனையாக இருந்திருக்க முடியாது.

பெயர்பெற்ற தேவதைக் கதைகளில் ஒரு பெண்ணிடம் இப்படித் திரும்பத் திரும்பச் சம்மதம் கேட்கும் ஆண் அரிது. சிண்ட்ரெல்லாவின் காலுக்குச் செருப்பு பொருந்தியது. அதுவே முகூர்த்தம் ஆகிவிட்டது. தூங்கும் அழகியை யாரும் கேட்கவில்லை, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் கிடந்த ஸ்னோ ஒயிட்டை இளவரசன் குள்ளர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

கடந்த ஐம்பது ஆண்டுகளாக ஆங்கிலத்தில் பதின்பருவத்தினருக்கான காதல் நாவல்கள் இந்தக் கதைகளை மீண்டும் மீண்டும் எடுத்து எழுதுகின்றன. விண்கலம், உயர்நிலைப் பள்ளி, நியூயார்க் மாடிவீடு என்று களம் மாறினாலும் நல்ல நாவல்கள் எல்லாம் அந்த இரவுச் சாப்பாட்டு மேசைக்கே திரும்புகின்றன என்பது என் கருத்து. அவளை யாராவது கேட்டார்களா? கேட்டபோது மறுக்க அவளுக்கு வழி இருந்ததா? இந்த இரண்டு கேள்விகளை அளவுகோலாகக் கொண்டு இந்த இலக்கிய வகையை இக்கட்டுரை பார்வையிடுகிறது.

மூலம் என்று ஒன்று உண்டா?

'மூலக்கதையைக் கெடுக்கிறார்கள்' என்பது மறுபுனைவுகள்மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு. ஆனால் இந்தக் கதைகளுக்குக் கெடாத மூலம் என்று ஒன்று கிடையாது. 1697-இல் பாரிஸில் வெளியான ஷார்ல் பெரோவின் தொகுப்பில்தான் சிண்ட்ரெல்லாவுக்குக் கண்ணாடிச் செருப்பு வருகிறது. அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, 9-ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் துவான் செங்ஷி பதிவுசெய்த யே ஷியன் கதையில் பொற்செருப்பு இருக்கிறது; தேவதையின் இடத்தில் ஒரு மீன் இருக்கிறது. நாட்டார் கதை ஆய்வாளர் மரியன் ரோல்ஃப் காக்ஸ் 1893-இல் சிண்ட்ரெல்லா கதையின் 345 வடிவங்களைத் திரட்டி நூலாக்கினார்.

இன்று தூய்மையான மூலமாக எண்ணப்படும் கிரிம் சகோதரர்களின் தொகுப்பும் பதிப்புக்குப் பதிப்பு மாறியதுதான். 1812-இல் முதல் தொகுதி. 1857-இல் ஏழாம் பதிப்பு. முதல் பதிப்பில் ரப்புன்ஸல், என் உடைகள் ஏன் இறுகுகின்றன என்று வெகுளியாகக் கேட்டுத் தான் கருவுற்றிருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறாள். பின்வந்த பதிப்புகளில் அந்தக் கேள்வி நீக்கப்பட்டது. பிள்ளைகள் படிக்கும் புத்தகம் என்பதால் உடலைப் பற்றிய பேச்சு வெட்டப்பட்டது. கொடூரத் தண்டனைகள் அப்படியே நின்றன. எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்பதை ஒவ்வொரு காலமும் தன் விருப்பப்படி முடிவு செய்திருக்கிறது. இன்றைய நாவலாசிரியரும் அதே உரிமையைத்தான் எடுத்துக்கொள்கிறார்.

இந்த உரிமைக்கான விவாதம் 1970-களில் சூடுபிடித்தது. துணிச்சலான பெண்கள் தேவதைக் கதைகளில் நிறையவே உண்டு என்று எழுத்தாளர் அலிசன் லூரி 1970-இல் எழுதினார். மக்கள் உண்மையில் படிப்பது டிஸ்னி பரப்பிய ஒருசில கதைகளைத்தான், அவை பெண்பிள்ளைகளுக்கு அழகாக இருந்து காத்திருக்கவே கற்றுக்கொடுக்கின்றன என்று விமர்சகர் மார்சியா லீபர்மன் 1972-இல் மறுத்தார். உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1976-இல் இந்தக் கதைகள் குழந்தை மனம் தன் அச்சங்களைக் கடந்து வளரத் துணைசெய்பவை என்று வாதிட்டார். இந்த விவாதத்தின் சூட்டில்தான் பதின்பருவ மறுபுனைவு முளைத்தது. ராபின் மெக்கின்லியின் 'பியூட்டி' 1978-இல் வந்தது.

செருப்பைத் தூக்கிப் போட்டவர்கள்

அதிகம் மறுபுனையப்பட்ட கதைகளுள் முன்னால் நிற்பது சிண்ட்ரெல்லா. அதன் மறுபுனைவுகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது கேல் கார்சன் லெவினின் 'எல்லா என்சாண்டட்' (1997). 1998-இல் நியூபெரி கௌரவ விருது பெற்ற நாவல் இது. சிண்ட்ரெல்லா ஏன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள் என்ற கேள்வியை லெவின் எடுத்துக்கொள்கிறார். அவர் கண்ட விடை: பிறந்தபோது ஒரு தேவதை அவளுக்கு 'கீழ்ப்படிதல்' என்ற வரத்தைக் கொடுத்துவிட்டது. யார் எதைச் செய்யச் சொன்னாலும் எல்லா என்ற அந்தப் பெண்ணால் செய்யாமல் இருக்க முடியாது. வீட்டுக்கு அடங்கிய பிள்ளை என்று ஊர் மெச்சும் குணம் இங்கே சாபமாக நிற்கிறது.

கதையின் உச்சத்தில் அவள் உயிராக நேசிக்கும் சார் என்ற இளவரசன், என்னை மணந்துகொள் என்கிறான். அவன் வாயில் அது கெஞ்சல். அவள் காதில் அது கட்டளை. மணந்தால் அவளுடைய கீழ்ப்படிதலை ஆயுதமாக்கி எதிரிகள் அவனையே கொல்லலாம். எல்லா தன் உடலோடும் நாக்கோடும் போராடி மறுக்கிறாள். அந்த மறுப்பில் சாபம் உடைகிறது. மறுக்க முடிந்த பிறகுதான் அவளால் உண்மையாகச் சம்மதிக்கவும் முடிகிறது. மணந்த பிறகு இளவரசி என்ற பட்டத்தை அவள் ஏற்கவில்லை; அரசவை மொழிவல்லுநர், சமையலறை உதவியாளர் என்ற பட்டங்களைச் சூட்டிக்கொள்கிறாள். சம்மதம் என்பது என்ன என்று பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல கதையை நான் படித்ததில்லை.

மரிஸ்ஸா மேயரின் 'சிண்டர்' (2012) அதே பெண்ணை எதிர்காலப் புதிய பெய்ஜிங்கின் சந்தைக்குக் கொண்டுபோகிறது. உடலில் ஒரு பகுதி இயந்திரமான மெக்கானிக் அவள்; சட்டப்படி சித்தியின் உடைமை. இளவரசன் காய் அவளை முதலில் சந்திப்பது பழுதான ரோபோவைச் சரிசெய்யக் கொண்டுவரும்போது. விருந்துக்கு அவள் போவது மாப்பிள்ளை பிடிக்க அன்று. அவன் உயிருக்கு வரும் ஆபத்தை எச்சரிக்க. படிக்கட்டில் கழன்று விழுவது செருப்பில்லை, அவளுடைய உலோகப் பாதமே. அவள் மறைத்துவந்த உடல் ஊரறிய வெளிப்படும் நொடி அது. தன் உடலை நினைத்துக் கூசும் பதின்வயது மனத்துக்கு அந்தப் படிக்கட்டு நன்றாகத் தெரிந்த இடம். 2015-இல் 'வின்டர்' நாவலோடு முடியும் இந்த நான்கு நாவல் வரிசையில் சிவப்புத் தொப்பிச் சிறுமி, ரப்புன்ஸல், ஸ்னோ ஒயிட் மூவரும் சிண்டரோடு தோழியராகச் சேர்கிறார்கள். பழைய கதைகளில் இளவரசிகளுக்குத் தோழி வாய்ப்பது அபூர்வம் என்பதை நினைத்தால் இது பெரிய மாற்றம்.

மலிண்டா லோவின் 'ஆஷ்' (2009) இளவரசனை ஓரமாக நகர்த்திவிட்டு, சிண்ட்ரெல்லாவின் காதலை அரசனின் வேட்டைக்காரியான கைசாவிடம் சேர்க்கிறது. கேலின் பேய்ரனின் 'சிண்ட்ரெல்லா இஸ் டெட்' (2020) இன்னும் ஒருபடி போகிறது. சிண்ட்ரெல்லா இறந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அவள் கதையே அந்த நாட்டின் சட்டம். பெண்கள் அதை மனப்பாடம் செய்ய வேண்டும், பதினாறு வயதில் அரண்மனை விருந்தில் வரிசையில் நிற்க வேண்டும், ஆண்கள் பொறுக்கிக்கொள்வார்கள். இன்னொரு பெண்ணை நேசிக்கும் கறுப்பினப் பெண் சோஃபியா அந்த விருந்திலிருந்து தப்பி ஓடுகிறாள். அரசு சொல்லித்தந்த கதையே பொய் என்று கண்டறிகிறாள். தாலாட்டாகச் சொல்லப்படும் ஒரு கதை ஒரு தலைமுறையின் கழுத்தில் எப்படிச் சுருக்காக விழும் என்பதை இந்த நாவல் நேராகச் சொல்கிறது.

தூங்குகிறவளின் சம்மதம்

தூங்கும் அழகியின் கதை இவற்றிலேயே சிக்கலானது. 1634-36-இல் வெளிவந்த ஜாம்பத்திஸ்தா பசீலேயின் இத்தாலியத் தொகுப்பில், தூங்கும் தாலியாவை வேட்டைக்கு வந்த அரசன் வன்புணர்கிறான். தூக்கத்திலேயே அவள் இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகிறாள். பால் தேடிய குழந்தை விரலைச் சப்பி, தைத்திருந்த சணல் சிம்பை உறிஞ்சி எடுக்கும்போதுதான் விழிக்கிறாள். பெரோவின் கதையில் இளவரசன் அருகில் வந்து மண்டியிடுகிறான், அவள் விழிக்கிறாள், முத்தம் இல்லை. முத்தம் கொடுத்து எழுப்புவது கிரிம் கதையில். வன்முறை முத்தமாக மெருகேறியது. கேட்கப்படாத கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

மெக்கின்லியின் 'ஸ்பிண்டில்ஸ் எண்ட்' (2000) இந்தச் சிக்கலை அவளைத் தூங்கவிடாமலே தீர்க்கப் பார்க்கிறது. ரோஸி கிராமத்தில் வளர்கிறாள். குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கிறாள். சாபத்தை எதிர்கொண்டு போராடிய பிறகு இளவரசி என்ற பெயரைத் தோழி பியோனிக்கு விட்டுக்கொடுத்து, கொல்லரான நார்லோடு கிராமத்திலேயே இருந்துவிடுகிறாள். அரண்மனை வேண்டாம் என்று சொல்லும் இளவரசி அவள்.

ஜேன் யோலனின் 'பிரையர் ரோஸ்' (1992) காதல் கதை என்ற வரம்பைத் தாண்டியது. ஆயினும் இதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. ஒரு யூதப் பாட்டி பேத்திகளுக்குத் தூங்கும் அழகி கதையை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு இறந்துபோகிறாள். அந்தக் கதைக்குள் இருந்தது அவள் வாழ்க்கை. முள்வேலி சூழ்ந்த கோட்டை, போலந்தின் கெல்ம்னோ வதைமுகாம். மக்களைத் தூங்கவைத்த சாபப் புகை, நாஜிகள் வண்டிக்குள் செலுத்திய நச்சுப்புகை. பிணக்குழியிலிருந்து எடுத்து வாயோடு வாய்வைத்து மூச்சு ஊதி அவளைப் பிழைக்கவைக்கிறார்கள். அதுவே அந்த முத்தம். இந்த நாவலைப் படித்த பிறகு அந்தப் பழைய முத்தத்தை என்னால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

கோட்டைக்குள் காதல்

பொமோனின் கதைக்கும் முன்வடிவம் ஒன்று உண்டு. 1740-இல் கப்ரியேல்-சூசான் து வில்நெவ் எழுதிய நெடுங்கதை அது. அதில் விலங்கு இரவுதோறும் கேட்பது திருமணத்தை அன்று. என்னோடு படுக்க வருவாயா என்றே கேட்கிறது. பதினாறு ஆண்டுகள் கழித்துச் சிறுமியருக்காகச் சுருக்கியபோது பொமோன் அதைத் திருமணக் கேள்வியாக்கினார். இரண்டிலும் அவள் மறுக்கலாம். மறுத்தால் தண்டனை இல்லை. ஆனால் கோட்டையை விட்டுப் போக முடியாது. பூட்டிய கதவுக்குப் பின்னால் கேட்கப்படும் கேள்விக்கு எவ்வளவு மதிப்பு உண்டு? இந்தக் கதையை மறுபுனையும் ஒவ்வொருவரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மெக்கின்லி இரண்டு முறை பதில் சொன்னார். 'பியூட்டி'யில் வரும் பெண் தன்னை அழகற்றவளாக நினைப்பவள், புத்தகப் பிரியை. விலங்கின் நூலகத்தில் இன்னும் எழுதப்படாத புத்தகங்கள்கூட இருக்கின்றன. அங்கே காதல் பேச்சுத் துணையில் பிறக்கிறது. 19 ஆண்டுகள் கழித்து எழுதிய 'ரோஸ் டாட்டர்' (1997) நாவலில், விலங்கு மனிதனாக மாற வேண்டுமா என்ற தேர்வே அவள் கைக்கு வருகிறது. அவள் விலங்கை விலங்காகவே ஏற்றுக்கொள்கிறாள்.

அலெக்ஸ் ஃப்ளின்னின் 'பீஸ்ட்லி' (2007) கதையை விலங்கின் வாயால் சொல்லவைக்கிறது. கைல் நியூயார்க் பணக்காரப் பள்ளி மாணவன், அழகன், பிறரைக் கேலி செய்பவன். சூனியக்காரி அவனை விலங்காக்குகிறாள். போதைக்கு அடிமையான ஒரு தந்தை தன் மகளை அவனிடம் ஒப்படைக்கிறான். பழைய கதையின் மிக அருவருப்பான உண்மையை, அப்பன் மகளைக் கொடுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டான் என்பதை, இந்த நாவல் நவீன உடையில் நம் முன் வைக்கிறது. கைல் மனிதனாவதன் முதல் அடையாளம் அவளைப் போகவிடுவதுதான்.

சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' (2015) இளையோர் நூலாகவே வெளிவந்தது. 2020-இல் வயதுவந்தோருக்கான புதிய அட்டைகளோடு மறுபதிப்பானது. முதல் நாவலில் ஃபெய்ரா என்ற பெண் தன்னைச் சிறைகொண்ட டாம்லினைக் காதலித்து அவனுக்காக உயிரையே கொடுக்கிறாள். 2016-இல் வந்த இரண்டாம் நாவல் அந்தக் காதலையே விசாரணைக்கு எடுக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் டாம்லின் அவளை மாளிகைக்குள் பூட்டிவைக்கிறான், அவள் வெளியேறுகிறாள். 'அப்புறம் சுகமாக வாழ்ந்தார்கள்' என்ற வரிக்குப் பின்னாலும் ஒரு கோட்டை இருக்கலாமே என்று, இளம் வாசகர் மனத்தில் பதிந்திருந்த கதையிடமே கேட்டது இதன் துணிவு. அவளை மீட்டுக் கொண்டுபோகிறவனும் ஓர் ஒப்பந்தத்தால் அவளைக் கட்டியவன்தான் என்பது இதன் நெருடல்.

சித்திக்கு ஒரு வாக்குமூலம்

1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819-இல் கிரிம் சகோதரர்கள் அவளைச் சித்தியாக்கினார்கள். தாய்மையின் புனிதம் காப்பாற்றப்பட்டது. பழி இரண்டாம் தாரத்தின் தலையில் விழுந்தது. மெலிஸா பஷர்தூஸ்ட்டின் 'கேர்ள்ஸ் மேட் ஆஃப் ஸ்னோ அண்ட் கிளாஸ்' (2017) இந்த அநீதியைத் திருத்துகிறது. சித்தி மினாவும் மகள் லினெட்டும் மாறி மாறிக் கதையின் மையத்தில் நிற்கிறார்கள். இவளைவிட நீ அழகு என்று ஒருத்தியை இன்னொருத்திக்கு எதிராக நிறுத்தும் உலகம்தான் இருவருக்கும் எதிரி. எலிசபெத் லிம்மின் 'சிக்ஸ் கிரிம்சன் கிரேன்ஸ்' (2021) அண்ணன்மார் பறவையாகும் பழங்கதையைக் கிழக்காசிய மண்ணில் நடத்தி, சாபமிட்ட சித்திக்கும் ஒரு நியாயத்தை வைக்கிறது. காதல் கதைக்கு நடுவே இப்படித் தாய்-மகள் உறவைச் சீர்செய்வது இந்த வகை நாவல்களின் அருமையான பங்களிப்பு.

கிழக்கிலிருந்து வந்த கதைகள்

2015 முதல் ஐரோப்பியக் கதைகளுக்கு வெளியேயும் வாசல் அகலத் திறந்தது. ரெனே ஆதியேயின் 'தி ராத் அண்ட் தி டான்' (2015) ஆயிரத்தொரு இரவுகளை எடுத்துக்கொள்கிறது. ஷஹ்ரசாத் தோழியின் கொலைக்குப் பழிவாங்கவே அந்த அரசனை மணக்கிறாள். பிறகு அவனிடம் மனம் இழக்கிறாள். கொலைகளுக்குப் பின்னால் ஒரு சாபம் இருந்தது என்ற விளக்கம் அவனைக் காதலுக்கு உரியவனாக்கப் போதுமா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு.

ஆக்ஸி ஓவின் 'தி கேர்ள் ஹூ ஃபெல் பினீத் தி சீ' (2022) கொரிய மண்ணின் சிம் சோங் கதையிலிருந்து பிறந்தது. பார்வையற்ற தந்தைக்குக் கண் கிடைக்க முந்நூறு மூட்டை அரிசிக்குத் தன்னை விற்றுக் கடலில் பாயும் மகள் சிம் சோங். தலைமுறைகளாகப் போற்றப்பட்ட தியாகம் அது. நாவலில் அவளுக்குப் பதிலாகக் கடலில் குதிப்பவள் மினா. யாரும் அவளை அனுப்பவில்லை; தன் அண்ணனைக் காப்பாற்றத் தானே முடிவெடுக்கிறாள். பெண்ணின் தியாகத்தைக் கொண்டாடும் மரபுக்குள் நின்றுகொண்டே அந்தத் தியாகத்தை யார் முடிவு செய்தது என்று கேட்கிறது இந்த நாவல்.

திருமணத்துக்கு அப்பால்

இந்த வகையின் குறைகளையும் சொல்ல வேண்டும். வலிமையான பெண் என்றாலே கையில் வாள் என்ற வாய்பாடு வந்துவிட்டது. சாதாரணப் பெண்ணாக அறிமுகமாகிறவள் கடைசியில் தொலைந்துபோன அரசகுமாரியாகவே வெளிப்படுகிறாள். சிண்டரும் அப்படித்தான், அவள் முடியாட்சியையே கலைக்க முடிவெடுப்பது மட்டும் ஆறுதல். சிறைவைத்தவன் மேல் வரும் காதல் இன்னமும் நன்றாக விற்கிறது.

எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. பெரும்பாலான நாவல்கள் இன்றும் காதல் கைகூடும் இடத்திலேயே நின்றுவிடுகின்றன. பெரோவின் தூங்கும் அழகி கல்யாணத்தோடு முடிவதில்லை. பிற்பாதியில் அரக்கி மாமியார் மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் சமைத்துத் தின்னப் பார்க்கிறாள். பிற்காலத்தவர் அந்தப் பாதியை வெட்டிவிட்டார்கள்.

மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் 1929-இல் பிறந்து, சங்கக் கவிதைகளை ஆங்கில வாசகரிடம் கொண்டுசேர்த்த ஏ.கே. ராமானுஜன் இதைக் கவனித்திருக்கிறார். பெண்களை மையமாகக் கொண்ட நம் வாய்மொழிக் கதைகளில் திருமணம் முடிவாக அமைவதில்லை, துன்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்றார். அவர் ஆராய்ந்த கன்னடச் சிண்ட்ரெல்லாவின் பெயர் ஹஞ்சி. அண்ணனின் தகாத ஆசையிலிருந்து காக்கத் தாய் அவள் முகத்துக்கு மண்ணோட்டு முகமூடி இட்டு வெளியே அனுப்புகிறாள். சமையல்காரியாகச் சேர்ந்த வீட்டின் இளைய மகன் அவள் உண்மை முகத்தைக் கண்டு மணக்கிறான். கதை அங்கே முடியவில்லை. குடும்பத்தின் குரு அவளை அடையப் பார்த்து, தோற்று, அவள்மேல் அபாண்டம் சுமத்தி வீட்டைவிட்டுத் துரத்தவைக்கிறான். கல்யாணத்துக்குப் பிறகும் 'மாட்டேன்' என்று சொல்லவேண்டி வந்த சிண்ட்ரெல்லா அவள். பதின்பருவ நாவல் இனிமேல் எட்டவேண்டிய ஆழத்தை எங்கோ ஒரு திண்ணையில் நம் பாட்டிகள் ஏற்கெனவே எட்டியிருக்கிறார்கள்.

கதையைத் திருத்திச் சொல்லும் தாய்

பதினைந்து வயதில் ஒரு பெண்ணோ பையனோ காதலைப் பற்றி முதலில் கற்றுக்கொள்வது கதைகளிலிருந்து. அதனால்தான் இந்த நாவல்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. இங்கே பார்த்தவற்றில் மனத்தில் நிற்பவை அரண்மனைகளோ மாயங்களோ அல்ல. எல்லா தன் நாக்கோடு போராடிய நொடி, கைல் கதவைத் திறந்துவிட்ட நொடி, ஃபெய்ரா பூட்டிய மாளிகையை விட்டுப் போன நொடி ஆகியவையே நிற்கின்றன.

ட்ருங் லே நுயெனின் 'தி மேஜிக் ஃபிஷ்' (2020) என்ற படக்கதை நாவலோடு முடிக்கிறேன். வியட்நாமிலிருந்து அகதியாக அமெரிக்கா வந்த ஒரு தாய். அங்கே வளரும் மகன் தியென். அவளுக்கு ஆங்கிலம் போதாது, அவனுக்கு வியட்நாமியம் போதாது. நூலகத்திலிருந்து எடுத்துவந்த தேவதைக் கதைகளைச் சேர்ந்து படிப்பதே இருவருக்கும் பொதுமொழி. தனக்கு ஆண்கள்மேல்தான் காதல் வருகிறது என்பதைத் தாயிடம் சொல்ல அவனிடம் வியட்நாமியச் சொல் இல்லை. விஷயம் தெரிந்த தாய் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கடற்கன்னியின் கதையை எடுத்துப் படிக்கிறாள். முடிவு வரும்போது புத்தகத்தில் உள்ளதை விட்டுவிட்டு, மகனுக்கு இடம் இருக்கும்படி மாற்றிச் சொல்கிறாள்.

ஒரு கதையைத் திருத்துவது அதைக் கெடுப்பதாகுமா என்று இனி யாராவது கேட்டால், அந்தத் தாயையும் மகனையும்தான் நான் காட்டுவேன்.